ஒனக்குத் தெரியாததா

படிவத்தின் நான்காம் பக்கத்தில் அந்தக் கேள்வி இருந்தது. ‘வேறு சாதியினர் உங்கள் வீட்டுக்கு வந்தால் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார்களா?’ அதற்குக் கீழே ஒரு துணைக் கேள்வி: ‘கடந்த ஒரு மாதத்தில் அப்படி யாராவது குடிக்க மறுத்தது உண்டா? ஆம் எனில், யார்?’ ஒரு வீட்டில் இந்தத் துணைக் கேள்விக்கு நான் எழுதிய பதில் பொய். பொய் என்பது பெரிய சொல்லாகப் பட்டு முதலில் ‘தவறு’ என்று எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டேன். பொய்தான்.

என் மகளுக்கு அப்போது ஏழு மாதம். எம்.ஏ. முடித்த கையோடு கல்யாணமாகி, பிள்ளையும் பிறந்து, இனி வேலை என்று ஒன்று உண்டா என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் ஆய்வுக்கு ஆள் தேவை என்று தெரியவந்தது. மூன்று மாத வேலை. பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போகலாம். பால் கட்டிக்கொண்டு வலிக்குமே, பிள்ளை அழுவாளே, மாமியார் என்ன சொல்வார், இத்தனையும் யோசித்துவிட்டுத்தான் போனேன். போன பிறகும் தினமும் பேருந்தில் ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை யோசித்தேன்.

ஆய்வு இதுதான். முப்பது வருஷங்களுக்கு முன்னால் அந்தக் கல்லூரியின் சமூகவியல் துறையில் இருந்தவர்கள் ஆற்றுப் பாசனத்தில் உள்ள ஒரு கிராமத்துக்குப் போய், வீடு வீடாக உட்கார்ந்து கேள்வி கேட்டு எழுதி வைத்திருந்தார்கள். அந்தத் தாள்கள் துறையின் இரும்பு அலமாரியில் பழுப்பேறிக் கிடந்தன. இப்போது அதே ஊருக்கு, அதே வீடுகளுக்கு, அதே கேள்விகளோடு மறுபடியும் போக வேண்டும். ஆழ்வார்குறிச்சிக்குப் போகிற பேருந்தில் ஏறி வழியில் இறங்கினால் அந்த ஊர். பெயரை எழுதக் கூடாது என்று அன்றே சொல்லியிருக்கிறார்கள், எழுதவில்லை.

ஆய்வை நடத்தியவர் ஒரு பேராசிரியை. மேடம் என்றுதான் கூப்பிடுவோம். முதல் நாள் எங்களை உட்கார வைத்துச் சொன்னார்: “ஊர் மாறிடுச்சுன்னு எல்லாரும் வாயால சொல்லுவாங்க. ரெண்டு தாளையும் பக்கத்துல பக்கத்துல வச்சாத்தான் என்ன மாறிச்சு, எவ்வளவு மாறிச்சுன்னு தெரியும். நீங்க கேள்வியில ஒரு சொல்ல மாத்தினாக்கூட, மாறினது ஊரா நீங்களான்னு தெரியாமப் போயிடும். அதனால இருக்கிறதை இருக்கிறபடி வாசிங்க. அவங்க சொல்றதைச் சொல்றபடி எழுதுங்க. பதில் புரியலைன்னா கேள்வியைத் திரும்ப வாசிங்க. நீங்களா எதையும் முடிச்சு வைக்காதீங்க.”

கடைசி மூன்று வாக்கியங்களை என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி, அடிக்கோடும் போட்டேன். பள்ளிக்கூடத்திலிருந்தே நான் அந்த மாதிரிப் பிள்ளை.

அன்று காலை முதலில் மேலத்தெருவுக்குப் போனேன். நான் போன வீட்டில் ஒரு வயதான அம்மா வாசலில் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார்.

“ஒனக்கு எந்த ஊரு தாயி?”

சொன்னேன்.

“அங்கன எந்தத் தெரு?”

அதையும் சொன்னேன். அப்பா பெயரைக் கேட்டார், அப்பாவின் அப்பா பெயரைக் கேட்டார். சொல்லி முடித்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. “அப்பிடிச் சொல்லு! நம்ம பிள்ளதான். இங்கன வெயில்ல என்னத்துக்கு இருக்க, உள்ள வா” என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு செம்பு நிறைய மோர் வந்தது. பெருங்காயமும் கறிவேப்பிலையும் போட்ட மோர். வெயிலில் நடந்து வந்த தாகத்தில் மடமடவென்று குடித்தேன்.

“இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?”

“ஊத்துங்கம்மா.”

மேலத்தெருப் படிவத்தில் தண்ணீர்க் கேள்வி வேறு மாதிரி இருக்கும். கீழத்தெரு வீடுகளுக்குப் போனால் தண்ணீர் வாங்கிக் குடிப்பீர்களா என்று இருக்கும். வாசித்தேன். அந்த அம்மா சிரித்தார்.

“இப்பம் யாரு அதெல்லாம் பாக்கா? காலம் எங்கயோ போயிட்டு.”

இது பதில் ஆகாது என்று எனக்குத் தெரியும். கேள்வியைத் திரும்ப வாசித்தேன்.

“போனாத்தான குடிக்கதுக்கு” என்றார்.

இன்னொரு முறை வாசித்தேன்.

“ஏட்டி, நீ விட மாட்ட போலிருக்கே! குடிப்பேன்னு எழுதிக்கோ, என்ன இப்பம்.”

எழுதினேன். அங்கே நான் மேடம் சொன்னபடி மூன்று முறை கேட்டேன். அதை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். விதி மறந்துவிட்டது என்று நான் சொல்லிக்கொள்ள முடியாமல் இருப்பது அதனால்தான்.

பதினொன்றரை மணிக்குக் கீழத்தெருவுக்குப் போனேன். கம்பிக் கதவு வைத்த சின்ன காங்கிரீட் வீடு. ஓர் அக்கா தையல் மிஷினில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவராக இருப்பார். கணவர் பேட்டையில் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார், மகன் பள்ளிக்கூடம் போயிருக்கிறான் என்றார். நான் யார், எதற்கு வந்திருக்கிறேன் என்று சொன்னதும் மிஷினை நிறுத்திவிட்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். எந்த ஊர், எந்தத் தெரு என்று அவர் கேட்கவே இல்லை.

“முப்பது வருஷத்துக்கு முன்ன இந்த வீட்டுக்கு வந்தாவளா? அப்பம் எங்கப்பாட்டதான் கேட்டிருப்பாவ. அந்தத் தாளு இருக்கா?”

இருந்தது. அந்தந்த வீட்டுத் தாளை அந்தந்த வீட்டார் கேட்டால் காட்டலாம் என்று மேடம் அனுமதித்திருந்தார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். குடும்ப உறுப்பினர் பட்டியலில் விரலை வைத்துக்கொண்டே வந்தவர், நாலாவது வரியில் நிறுத்தினார். பெண், எட்டு வயது, மூன்றாம் வகுப்பு.

“இன்னா, இது நாந்தான்!” என்று வாய்விட்டுச் சிரித்தார். “எங்கப்பாக்குக் கையெழுத்து வராது. ரேக வச்சிருக்காவ பாரு.” அந்த ரேகையைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். அப்பா இறந்து பல வருஷம் ஆகிவிட்டதாம்.

பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டு வந்தார். நான்காம் பக்கத்தில் அப்பாவின் பதிலை அந்தக் காலத்து ஆய்வாளர் நீல மையில், மணி மணியான எழுத்தில் எழுதியிருந்தார். ‘யாரும் குடிப்பதில்லை. நாங்களும் கொடுப்பதில்லை.’ அதை அந்த அக்கா ஒரு முறை வாசித்தார். திரும்பவும் வாசித்தார். தாளை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்தார்.

“இரி, தண்ணி கொண்டாரேன்.”

எதை வாசித்துவிட்டு எழுந்து போனார் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் அந்த நேரத்தில் எனக்கு அது உறைக்கவில்லை. எவர்சில்வர் தம்ளரின் வெளிப்பக்கத்தை முந்தானையால் துடைத்து நீட்டினார்.

“வேண்டாம்க்கா. பாட்டில் வச்சிருக்கேன். பிள்ளைக்குப் பால் குடுக்கேன்லா, காய்ச்சின தண்ணிதான் குடிக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு.”

இது உண்மை. பிள்ளை வயிற்றில் இருந்தபோது எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. அதிலிருந்து எங்கே போனாலும் என் பாட்டில் என்னோடு வரும்.

“இதும் காய்ச்சி ஆற வச்சதுதான். பையனுக்குப் போன வாரம் காய்ச்சல். ஒரு வாரமா எல்லாருக்கும் வெந்நிதான்.”

“இல்லக்கா, இருக்கட்டும்.”

இருக்கட்டும். அந்தச் சொல்லை எந்த வாய் சொன்னது என்று எனக்கே தெரியவில்லை. டாக்டர் சொன்ன காரணம் அதோடு தீர்ந்துபோய்விட்டது, ஆனால் வேண்டாம் என்பது மட்டும் தீரவில்லை. அந்த அக்கா தம்ளரை மிஷின் பலகையில், நூல்கண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். பாதிக் கேள்விகள் முடிந்தபோது எனக்குத் தொண்டை வறண்டது. பையிலிருந்து பாட்டிலை எடுத்து, அவர் எதிரிலேயே குடித்தேன்.

பிறகு நான்காம் பக்கம் வந்தது. தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார்களா என்று வாசித்தேன். குரலில் ஒரு மாற்றமும் இல்லாமல் வாசித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

“குடிப்பாவ. முன்ன மாதிரி இல்ல. டீச்சர்மாரு வாறாவ, நர்சம்மா வாறாவ, எல்லாரும் வாங்கிக் குடிக்கத்தான் செய்யுதாவ.”

‘ஆம்’ என்று குறித்தேன். துணைக் கேள்வியையும் வாசித்தேன். கடந்த ஒரு மாதத்தில் அப்படி யாராவது குடிக்க மறுத்தது உண்டா?

அவர் கையிலிருந்த ரவிக்கையின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். கோபம் இல்லை. சிரிப்பு மாதிரி ஒன்றுகூட முகத்தில் இருந்தது.

“நீயே எழுதிக்கோ தாயி. ஒனக்குத் தெரியாததா?”

நான் தாளைப் பார்த்தேன். ஆம் என்று ஒரு கட்டம், இல்லை என்று ஒரு கட்டம். பேனா ‘இல்லை’யில் போய் நின்றது. குறித்துவிட்டு மூச்சுவிடாமல் அடுத்த கேள்வியை வாசித்தேன்: உங்கள் வீட்டில் தொலைக்காட்சி இருக்கிறதா? இருக்கிறது என்றார். மீதிக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். கடைசியில் கையெழுத்தும் போட்டார். தம்ளர் அங்கேயேதான் இருந்தது.

திரும்பிவரும் பேருந்தில் மார்பு கனத்து வலித்தது. ரவிக்கை நனைந்துவிடக் கூடாதே என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கல்லிடைக்குறிச்சி தாண்டும்போதுதான் மோர் நினைவுக்கு வந்தது. மேலத்தெருவில் இரண்டு செம்பு மோர் குடித்தேனே, அது எந்தத் தண்ணீரில் கலக்கியது என்று கேட்டேனா? காய்ச்சினதா என்று கேட்டேனா?

மோர் என்பது தண்ணீர் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அப்போது தாகம் அதிகம் என்று சொல்லிப் பார்த்தேன். வயதானவர் ஊற்றிக் கொடுத்ததை எப்படி மறுப்பது என்றும் சொல்லிப் பார்த்தேன். வீடு வருவதற்குள் என்னிடம் ஐந்தாறு காரணங்கள் சேர்ந்துவிட்டன. ஒரு காரணமே போதுமானதாக இருந்திருந்தால் இத்தனை தேவைப்பட்டிருக்காது.

பிள்ளையை மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னேன். முழுவதும் சொல்லவில்லை. கீழத்தெருவில் ஒரு வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள், நான் குடிக்கவில்லை என்று மட்டும் சொன்னேன்.

“நல்ல வேள” என்றாள் அம்மா.

“ஏம்மா நல்ல வேள?”

அம்மா ஒரு நிமிஷம் தடுமாறினாள். “தண்ணி எப்பிடி இருக்குமோன்னு சொன்னேன். பிள்ளைக்கு ஒத்துக்கிடணும்லா” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். மேலத்தெருவில் மோர் குடித்ததையும் சொன்னேன். “வெயிலுக்கு நல்லது” என்றாள் உள்ளேயிருந்து.

என் கணவரிடம் முழுவதும் சொன்னேன். அவர் நல்ல மனிதர், நான் கலங்கினால் தாங்க மாட்டார். “சவத்த விடு. நீ பிள்ளைக்காகத்தான வேண்டாம்ன? இப்பம் யாரு அதெல்லாம் பாக்கா?” என்றார். காலையில் மேலத்தெரு அம்மா சிரித்துக்கொண்டே சொன்ன அதே சொற்கள். நான் தலையை ஆட்டினேன்.

‘ஒனக்குத் தெரியாததா’ என்பது எங்கள் பக்கம் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை காதில் விழுகிற பேச்சு. புளிக்குழம்புக்கு எவ்வளவு புளி என்று கேட்டால் சொல்வார்கள். யார் வீட்டுக் கல்யாணம் ஏன் நின்றது என்று கேட்டால் சொல்வார்கள். அதற்கு நல்ல அர்த்தம் ஒன்றைத் தேடி மூன்று நாள் அலைந்தேன். இப்போதெல்லாம் யாரும் மறுப்பதில்லை, இது ஊருக்கே தெரியும், உனக்கும் தெரியும், ஆகவே ‘இல்லை’ என்று எழுதிக்கோ என்பதுதான் அந்த அக்கா சொன்னது என்று வைத்துக்கொண்டேன். பிள்ளையைக் குளிப்பாட்டும்போது, துணி மடிக்கும்போது அந்த அர்த்தத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அவர் நூலைக் கடித்து அறுத்தது நடுவில் வந்து நின்றது.

துறையில், எழுதி வந்த தாள்கள் சரிதானா என்று பார்க்கச் சில வீடுகளுக்கு வேறு ஓர் ஆய்வாளர் மறுபடியும் போவார். எந்த வீடு என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். அந்தச் சீட்டுகளில் கீழத்தெரு அக்காவின் வீடு வரவில்லை. அப்பாடா என்று இருந்தது எனக்கு. அப்படி இருந்ததுதான் எல்லாவற்றையும்விட மோசம்.

மறுநாள் மேடம் நீள மேசையில் பழைய தாள்களையும் புதிய தாள்களையும் ஜோடி ஜோடியாகப் பரப்பி வைத்திருந்தார். “இந்தத் தண்ணீர்க் கேள்வியைப் பாருங்க. ஒரு தலைமுறையில என்ன மாற்றம்!” என்று எங்கள் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு பக்கம் நீல மையில், ‘யாரும் குடிப்பதில்லை. நாங்களும் கொடுப்பதில்லை.’ பக்கத்தில் என் கையால் போட்ட குறி. மேடம் விரல் அதன் மேல் இருந்தது.

எல்லாரும் போகக் காத்திருந்து சொன்னேன். மோரையும் சொன்னேன். மேடம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“ரெண்டு நாளா வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் இந்தப் பக்கத்தைத்தான் காட்டிக்கிட்டிருக்கேன்” என்றார். குரலில் எரிச்சல் இருந்தது. பிறகு கேட்டார்: “அவங்க ‘இல்லை’ன்னு சொன்னாங்களா?”

“இல்லை மேடம்.”

“‘ஆமா’ன்னு?”

“அதுவும் சொல்லல.”

“அப்ப ‘பதில் இல்லை’ன்னு போடணும். போட்டுடலாம். சரியா?”

சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். மேலதிகாரி சொன்னதைச் செய்வது எனக்கு எப்போதும் சுலபம். ஆனாலும் வாய் தானாகச் சொல்லிவிட்டது: “இல்லை மேடம். அவங்க பதில் சொல்லிட்டாங்க. நான்தான் எழுதல.”

மேடம் பேனாவை மேசையில் தட்டிக்கொண்டே யோசித்தார். வேறு ஆளை அனுப்பலாம் என்றார். அனுப்பினால், அந்த அக்கா என்னைப் பற்றி அந்த ஆளிடம் சொல்ல வேண்டியிருக்கும், அது என்ன நியாயம் என்று அவரே மறுத்துக்கொண்டார். “நீங்களே போங்க. அந்த ஒரு கேள்வி மட்டும் கேளுங்க. மன்னிப்புக் கேட்கிறேன்னு அங்க போய் உட்கார்ந்து அழாதீங்க. உங்களைச் சமாதானப்படுத்துறது அவங்களுக்கு இன்னொரு வேலை ஆயிடும்.”

அழ வேண்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

போனபோது அந்த அக்கா மிஷினில்தான் இருந்தார். என்னைப் பார்த்ததும் மிதியிலிருந்து காலை எடுத்தார்.

“என்னத்த விட்டுட்டுப் போன?”

“ஒரு கேள்விக்கா. திரும்பக் கேக்கணும்.”

“அதானா?” என்றார். எதுவென்று அவர் கேட்கவில்லை. “சரி, படி.”

படித்தேன். கடந்த ஒரு மாதத்தில் அப்படி யாராவது குடிக்க மறுத்தது உண்டா?

“ஆமா.”

பழைய குறியை அடித்துவிட்டு ‘ஆம்’ கட்டத்தில் குறித்தேன். பேனா சரியாக எழுதவில்லை, இரண்டு தடவை அழுத்த வேண்டியிருந்தது. “ஆம் எனில், யார்?” என்று வாசித்தேன்.

“அதும் கேட்டிருக்கா அதுல?”

“இருக்குக்கா. பக்கத்து வீட்டுக்காரர், முதலாளி, கடைக்காரர், அரசு அலுவலர், மற்றவர்.”

“நீ கவர்மெண்டா?”

“இல்லக்கா. காலேஜ்.”

“அப்பம் மத்தவங்கள்ல போடு.”

“மற்றவர்னா யாருன்னு எழுதணும். நீங்கதான் சொல்லணும்.”

அவர் என்னை நேராகப் பார்த்தார். “கேள்வி கேக்க வந்த பொம்பளப் பிள்ள. எழுது.”

எழுதினேன்.

“வாசி பாப்போம்.”

“கேள்வி கேட்க வந்த பெண்.”

“பொம்பளப் பிள்ளன்னுலா சொன்னேன்.”

சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும். ‘பெண்’ணை அடித்துவிட்டு அவர் சொன்னதை எழுதி, திரும்ப வாசித்துக் காட்டினேன். தலையை ஆட்டினார். அன்று அவர் தண்ணீர் கொண்டுவரவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கலாமா என்று அந்தச் சில நிமிஷங்களில் பல தடவை வாயைத் திறந்தேன். கேட்டு வாங்கிக் குடித்திருந்தால், அதுவும் என்னை நல்லவளாக ஆக்கிக்கொள்ள அவரிடம் கேட்கிற உதவியாகத்தான் இருந்திருக்கும். கேட்காமல் வந்தது சரியா என்றும் எனக்குத் தெரியவில்லை.

தாள்களைப் பையில் வைக்கப் போனபோது, “எங்கப்பா தாளக் கொஞ்சம் குடு” என்றார். கொடுத்தேன். நான்காம் பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டார்:

“அன்னைக்கு இத எழுதினாவல்லா ஒரு ஆளு. அவிய குடிச்சாவளா?”

“தெரியலக்கா.”

“இதுல போட்டிருக்க மாட்டாவளா?”

இரண்டு பேரும் சேர்ந்து தேடினோம். முன்பக்கம், பின்பக்கம், ஓரத்துக் குறிப்புகள் எல்லாம் பார்த்தோம். ஆய்வாளர் கையெழுத்து இருந்தது, தேதி இருந்தது. கிணறு எத்தனை அடி ஆழம் என்றுகூட எழுதியிருந்தது. வந்தவர் என்ன செய்தார் என்பதற்கு அந்தப் படிவத்தில் இடம் இல்லை.

“நான் அந்நேரம் பள்ளிக்கூடத்துல இருந்திருப்பேன்” என்றார் அக்கா. “அப்பாவும் ஒன்னும் சொன்னதில்ல.” தாளை மடிப்புக் கலையாமல் என் கையில் கொடுத்தார். “சரி, கெளம்பு. ஒன்ற மணி பஸ்ஸ விட்டுட்டா அப்புறம் மூணு மணிக்குத்தான். பிள்ள பாலுக்குத் தேடும்.”